மைதானம் மட்டும் கிடைத்தது

12-1-1953

இன்றைக்கு இன்னொரு கணுக்கால். இந்த டெர்மில் இது நாலாவது. ஹாக்கிப் பந்தைத் துரத்திக்கொண்டு போன பெண், மைதானத்துக்குக் குறுக்கே ஓடுகிற ஒற்றையடிப் பாதையின் பள்ளத்தில் கால் வைத்து விழுந்தாள். அந்தப் பாதை வழியாகத்தான் தெரு முழுக்கக் கோயிலுக்குப் போகிறது. மேற்கே சரிவு. கிழக்கே வெட்டுக்கல் முண்டும் முடிச்சுமாக. வடக்கே எப்போதோ கட்டிப் பாதி இடிந்துபோன கேலரி. கீழ்ப்படிகளில் ஆடு படுத்திருக்கும், மேல்படியில் யாராவது துணி காயப்போட்டிருப்பார்கள்.

சாயங்காலம் பிரின்சிபல் சுசீலாபாய் கூப்பிட்டனுப்பினார். சர்க்கார் உத்தரவு வந்துவிட்டது. மைதானத்தைச் சமப்படுத்தி, ஓட்டப்பாதை போட்டு, கேலரியைப் புதுப்பிக்கப் போகிறார்கள். பதினேழு வயசில் புருஷனை இழந்து, அப்பா பிடிவாதமாகப் படிக்கவைத்து, மெட்ராஸில் தேகப்பயிற்சி டிப்ளமா வாங்கி, இந்த மலையாளச் சீமைப் பெண்கள் காலேஜில் விசிலும் கையுமாக நிற்க ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒன்பது வருஷமும் இதற்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆத்துக்கு வந்து வெங்கடகிருஷ்ணன் அண்ணாவிடம் சொன்னேன். "ம்" என்று பேப்பரைத் திருப்பினான்.

19-1-1953

மராமத்து ஓவர்சியர் வந்தார். பெயர் சிவதாணு. பூதப்பாண்டிக்காரர், நாற்பது வயசிருக்கும். சைக்கிளைக் கேலரியில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலால் மைதானம் முழுக்க நடந்தார். எதற்கு என்று கேட்டேன். எங்கே குத்துகிறது என்று காலுக்குத்தான் தெரியும் என்றார்.

அப்புறம் கேட்டார்: "ஆறு பிள்ளைங்க ஒண்ணா ஓடணும்னா எவ்வளவு அகலம் வேணும் டீச்சர்?"

இத்தனை வருஷத்தில் எல்லாரும் என்னைக் கேட்டது, பெண்கள் எதற்கு ஓட வேண்டும் என்று. எவ்வளவு அகலம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

9-2-1953

பாதையை மூடி வேலி போட்டோம். பதினோரு மணிக்குள் வக்கீல் அழகியநம்பி பத்துப் பேரோடு வந்து நின்றார். எதிர்த்த வீட்டுக்காரர். நாற்பது வருஷமாக ஜனங்கள் நடக்கிற வழி, எப்படி அடைக்கலாம் என்று ஆரம்பித்தார். பேச்சு போகப் போகத்தான் விஷயம் வெளியே வந்தது. வளர்ந்த பெண்கள் அரை நிஜாரோடு வெட்டவெளியில் ஓடுவதைக் குடும்பஸ்தர்கள் மாடியிலிருந்து பார்க்கும்படி ஆகும். கேலரியும் கட்டினால் கூட்டம் கூடும். இருக்கிறது இருந்தபடியே இருக்கட்டும்.

24-2-1953

மைதான வேலையை நிறுத்தச் சொல்லி வந்த மனுவைப் பிரின்சிபல் காட்டினார். நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. நாற்பத்து மூன்றாவது அண்ணாவுடையது. என்னைக் காலேஜில் சேர்த்த விண்ணப்பத்தில் அப்பாவுக்குக் கீழே போட்டிருந்த அதே கையெழுத்து, அதே கோணல் வால்.

ஆத்தில் ராத்திரி அவன் சாப்பிட உட்கார்ந்தான். மோர் கேட்டான். ஊற்றினேன்.

26-2-1953

கேட்டுவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே இருந்தவன் இலையைப் பார்த்தபடி சொன்னான்: "உனக்கு எதிரா ஒண்ணும் போடலை பாகீரதி. தெருவோட இருக்கணுமோல்லியோ."

நான் எந்தத் தெருவில் இருக்கிறேன்?

16-3-1953

போன வாரம் ஒருநாள் காலையில் போனால் வேலி இல்லை. அஞ்சாவது தடவை. சிவதாணு கோபப்படவில்லை. மறுபடி நட்டுவிட்டு, கோயில் பக்கம் ஒரு ஆள் திரும்புகிற அளவுக்கு மரச்சுழலி ஒன்று வைத்தார். காலை எட்டு மணிவரை ஓரமாக யாரும் போகலாம். கோயிலுக்குப் போகிற மாமிகள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ஒருத்தி என்னிடம், "அந்தக் கறுத்த குட்டி நன்னா ஓடறா" என்றாள்.

சுழலி வைத்த பிறகு வேலியை யாரும் தொடவில்லை.

11-5-1953

ஓட்டப்பாதைக்கு ரயில் ஸ்டேஷனிலிருந்து எஞ்சின் சாம்பல் வண்டி வண்டியாக வந்து கொட்டி, உருளை விட்டு அமுக்கியாயிற்று. லீவு; காலேஜில் ஒருத்தரும் இல்லை. நான் ஏன் தினமும் போகிறேன் என்று மன்னி விஜயலக்ஷ்மி கேட்கிறாள். மேற்பார்வை என்கிறேன்.

இன்று காலை ஆறரை மணிக்கு சிவதாணு, வளைவு சரியாக இருக்கிறதா என்று ஒரு ஆள் ஓடிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். கூலியாட்கள் இன்னும் வரவில்லை. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு நானே ஓடினேன். முப்பத்து நாலு வயசு. மெட்ராஸை விட்டு வந்த பிறகு முழுசாக ஒரு சுற்று ஓடியதே இல்லை, மற்றவர்களுக்கு விசில் ஊதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மூச்சு வாங்க வந்து நின்றேன். அவர் சிரிக்கவில்லை. பாராட்டவும் இல்லை. "மேக்க உள்ள வளைவுல உங்க கால் வெளிய தள்ளுது. நாலு விரக்கடை ஒசத்தணும்" என்றார்.

என் காலை ஒரு மனுஷர் அத்தனை கவனமாகப் பார்த்து, அதில் வேலையைத் தவிர ஒன்றும் இல்லாமல்— இல்லை. இருந்தது. எனக்குத் தெரிந்தது.

18-6-1953

மழை. வேலை இல்லை. அவர் வரவில்லை.

எதற்கு இதை எழுதுகிறேன்?

7-9-1953

கேலரிக்கு மூன்று படி முடிந்தது. மத்தியானம் கூலியாட்கள் சாப்பிடப் போன நேரம். நான் முதல் படியில் இருந்தேன். அவர் கீழே நின்றுகொண்டிருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் மனைவி பிரசவத்தில் போய்விட்டதை முன்னமே சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அதிலிருந்து ஆரம்பித்தார், பிறகு நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"நாம ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க இல்ல டீச்சர். உங்க ஆளுக ஒத்துக்கிட மாட்டாங்க, எங்க அம்மையும் ஒத்துக்கிட மாட்டா. ரிஜிஸ்தர் பண்ணலாம்னு சட்டம் இருக்கு. கேக்கணும்னு தோணிச்சு, கேட்டுட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க."

மைதானம் முடியட்டும் என்றேன். சரி என்றார். அவ்வளவுதான் பேசினோம். ஆத்துக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்து மன்னி கத்தினபோதுதான் அடுக்களையில் நிற்கிறேன் என்றே தெரிந்தது.

8-9-1953

சரி என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்கிறேன்.

9-9-1953

சொல்லவில்லை. கூட ஆள் இருந்தது. முடிந்த பிறகே சொல்லலாம், என்ன அவசரம்.

20-10-1953

மொட்டைக் கடுதாசி. கல்வி டைரக்டருக்கும் பிரின்சிபலுக்கும் ஒரே நாளில் வந்திருக்கிறது. தேகப்பயிற்சி டீச்சரும் ஓவர்சியரும் லீவு நாட்களில் மைதானத்தில் தனியாக இருக்கிறார்களாம். அவள் அவனுக்கு முன்னால் ஓடிக் காட்டினாளாம். யாருடைய மாடியிலிருந்து பார்த்தார்கள்? யாராக இருந்தால் என்ன. பொய் ஒன்றும் இல்லையே.

வெள்ளிக்கிழமை விசாரணை. கமிட்டியில் ஊர்ப் பிரமுகர் என்று அழகியநம்பியும் உண்டு.

23-10-1953

நடந்தபடியே எழுதிவிடுகிறேன். நாளைக்கு என்னையே ஏமாற்றிக்கொள்வேன்.

உள்ளே போகிறதுக்கு முன்னால் சுசீலாபாய் என்னை வராந்தாவில் நிறுத்தினார். நல்லவர்தான், மெதுவாகச் சொன்னார். அந்த ஆள் மேல் தப்பு என்றால் அவரை மாற்றுவார்கள், வேலை நடக்கும். இரண்டு பேருக்கும் சம்மதம் என்று வந்தால் உன்னையும் அனுப்புவார்கள், மைதானத்தையும் நிறுத்துவார்கள், மனுக்கொடுத்தவர்கள் ஜெயித்துவிடுவார்கள். "நீ பொய் சொல்ல வேண்டாம் பாகீரதி. பேசாமல் இருந்தால் போதும்" என்றார்.

உள்ளே மூன்று பேர், குறிப்பெடுக்க ஒரு குமாஸ்தா. அழகியநம்பிதான் கேட்டார், ரொம்பப் பரிவாக: "அந்த ஓவர்சியர் உங்ககிட்ட மரியாதைக் கொறைவா நடந்துக்கிட்டாராம்மா?"

இல்லை என்று சொல்ல ஒரு வினாடி போதும். ஜன்னல் வழியாகக் கேலரி தெரிந்தது. ஆட்கள் நாலாவது படிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீல் இன்னொரு தரம் கேட்டார். அப்புறம், "சரி, பாவம், அவங்கள சங்கடப்படுத்த வேண்டாம்" என்றார். குமாஸ்தா ஏதோ எழுதினார். பேனா நிப் காகிதத்தில் கீறுவது கேட்டது.

நான் பேசலை. வாயைத் திறக்கலை. என்ன பொம்மனாட்டி நான்.

2-11-1953

சிவதாணுவைப் போனக்காட்டு மலை ரோடு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். நடத்தை சரியில்லை என்று சர்வீஸ் புஸ்தகத்தில் குறிப்போடு. டேப்பும் குச்சிகளும் எடுக்க வந்தார். நான் ஸ்டோர் ரூம் வாசலில் நின்றேன். ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூட—

"நாலாம் படி சிமென்ட் இன்னும் காயல்ல. பத்து நாளைக்குப் பிள்ளையள இருத்தாண்டாம்" என்றார்.

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

20-2-1954

மைதானம் திறந்தாயிற்று. கேலரி கொள்ளாத கூட்டம். அழகியநம்பி வாழ்த்துரை வழங்கினார். நம் பெண்கள் எதிலும் பின்தங்கக் கூடாது என்றார். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அண்ணா இரண்டாவது படியில் உட்கார்ந்து கையைத் தட்டிக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது, "எல்லாம் நல்லதுக்குத்தான் முடிஞ்சது, பாத்தியா" என்றான்.

கொஞ்ச நேரம் அவன் கூடவே நடந்தேன். அப்புறம் நடக்க முடியவில்லை. நீ முன்னால் போ என்றேன்.

5-7-1954

நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன், அவருக்கு. அஞ்சாவது அவருக்கு இல்லை. மராமத்துத் தலைமை அலுவலகத்துக்கு. ஓவர்சியர் சிவதாணு என்னிடம் ஒருநாளும் தவறாக நடந்ததில்லை, விசாரணையில் நான் பேசாமல் இருந்தது என் தப்பு, குறிப்பை நீக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலில் சுசீலாபாயிடம் காட்டினேன். கேஸ் முடிந்தது, எதற்குக் கிளறுகிறாய் என்றார். நானே தபாலாபீசுக்குப் போய் ரிஜிஸ்தர் பண்ணினேன்.

ஆத்திலும் சொல்லிவிட்டேன். அண்ணா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஹாஸ்டலில் ஒரு அறை கேட்டிருக்கிறேன்.

1-9-1954

இலாகாவிலிருந்து பதில் இல்லை. தெற்கே தமிழ்த் தாலுகாக்களை மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம், துப்பாக்கிச் சூடு, கலவரம் என்று ஊர் இரண்டாகக் கிடக்கிறது. தமிழ்க்காரர்கள் என்றாலே ஆபீசுகளில் ஒரு மாதிரி பார்க்கிறார்களாம். அதோடு கறுப்புக் குறிப்பும் உள்ள ஒருத்தர் எப்படி இருப்பார்?

27-12-1954

போனக்காட்டுக்குப் போய்விட்டு வந்தேன். வித்துராவரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து எஸ்டேட் லாரி. ஓடைமேல் சின்னப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார். இளைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

இலாகாவுக்கு எழுதியதைச் சொன்னேன். தெரியும், காட்டினார்கள் என்றார். பிறகு கேட்டார்: "அன்னைக்கு என்னையும் கூப்பிட்டுக் கேட்டாங்களே டீச்சர், உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது.

"உங்களுக்கு முந்தி. டீச்சரைக் கலியாணத்துக்குக் கேட்டிருக்கேன், இன்னும் பதில் சொல்லல்லன்னு சொன்னேன். மறைக்கதுக்கு என்ன இருக்கு? நீங்களும் அதைத்தான் சொல்லுவீங்கன்னு வெளிய பெஞ்சில இருந்தேன்."

அவர் வெளியே இருந்திருக்கிறார். அந்த நேரம் முழுக்க.

தேயிலை கிள்ளுகிற பெண்கள் கூடையோடு எங்களைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் கேட்டேன், இப்போது பதில் சொன்னால்? என்று. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது.

"அம்மைக்கு வாக்குக் குடுத்தாச்சு. தை பதினொண்ணு. பொண்ணு தாழக்குடி." கொஞ்சம் பொறுத்து, "நான் காத்துக் கெடந்தேன், கேட்டியளா. இந்த ஓணம் வரைக்கும் காத்துக் கெடந்தேன்" என்றார்.

லாரியில் டிரைவர் பக்கத்தில் இடம் சொல்லி ஏற்றிவிட்டார். மலை இறங்கும்போது தலை சுற்றும், வெளியே பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

24-1-1955

தை பதினொன்று. பிள்ளைகளுக்கு ரிலே பழக்கினேன்.

3-11-1956

முந்தாநாள் கேரளம் பிறந்தது. நம் மைதானத்தில்தான் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் அணிவகுப்பு. அவர் ஊரான நாஞ்சில்நாடு மெட்ராஸோடு போய்விட்டது. ஹாஸ்டலில் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர் அழுதார்கள், எந்த ஊருக்காக என்று அவர்களுக்கே தெரியவில்லை.

19-11-1956

இலாகாவிலிருந்து கடிதம். இரண்டு வருஷமும் நாலு மாசமும் கழித்து. என் வாக்குமூலத்தைப் பரிசீலித்ததில், மேற்படி ஓவர்சியர் பேரில் எழுதப்பட்ட குறிப்பு ரத்து செய்யப்படுகிறது. ஆனால் மேற்படி ஆள் சென்னை ராஜ்யத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதால் உத்தரவின் நகலை இங்கிருந்து சேர்ப்பிக்க இயலவில்லை. அவருடைய இப்போதைய விலாசம் தங்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்று இதன் கீழேயே எழுதித் திருப்பி அனுப்பவும்.

பியூன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். மலையில் பார்த்ததோடு சரி, அப்புறம் அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. இந்தத் தடவை கேட்ட உடனே பதில் எழுதினேன்.

தெரியாது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நாலு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.