இருபத்து நான்காம் அத்தியாயம்

நவம்பர் 9

தமிழ் மிஸ் குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டார். பள்ளி மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை. தலைப்பு: 'இந்த ஆண்டு நான் படித்ததும் எழுதியதும்'. என்னைப் பார்த்து மட்டும், "நீ நிஜமா படிச்சதை மட்டும் எழுது, வாலு" என்றார். அநியாயம். இல்லாத புத்தகத்துக்கு விமர்சனம் எழுதிப் பரிசு வாங்கியது ஒரே ஒரு தடவைதான்.

எடுத்த புத்தகம் முப்பத்தொன்று. முடித்தது பதினான்கு. கடைசிப் பக்கத்தை முதலில் படித்தது முப்பத்தொன்றும்.

எழுதியது ஒரே நாவல். அதுவும் பாதி. மறுபாதி நூல்கண்டு எழுதுவது. என் பெஞ்சில் இடப்பக்கம் உட்காருபவள், தையல்காரர் மகள், ஒல்லி. பெயர் உபயம் நான். ஜனவரியிலிருந்து ஒரு நீல அட்டை நோட்டில் மாறி மாறி எழுதுகிறோம். ஒற்றைப்படை அத்தியாயம் எனக்கு, இரட்டைப்படை அவளுக்கு. கதாநாயகர் துப்பறியும் தையல்காரர், இஞ்ச் டேப் மாமா. அவளுடைய அப்பாவை அப்படியே உரித்து வைத்தது. சட்டை அளவை வைத்தே கொலைகாரனைப் பிடிப்பார். விதி இரண்டுதான். மற்றவள் எழுதியதை அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. அத்தியாய முடிவில் மாமாவை மாட்டிவிட வேண்டும், அடுத்தவள் தப்ப வைக்க வேண்டும். பாழுங்கிணறு, முதலை, நின்றுபோன லிஃப்ட் என்று எதில் போட்டாலும் வெளியே இழுத்து வந்துவிடுகிறாள், கழுதை.

நவம்பர் 14

23 முடிந்தது. இந்தத் தடவை தப்ப வழியே இல்லை! மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலில். டாக்டர் நாடி பார்க்கிறார், கண்ணில் டார்ச் அடிக்கிறார், 'இறந்துவிட்டார்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறார். கீழே பெரிய எழுத்தில்: 'இப்ப காப்பாத்துடி பார்க்கலாம்.'

நவம்பர் 16

இடைவேளையில் பெஞ்ச்மேல் ஏறி நானே வாசித்தேன், டாக்டர் குரலில். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நூல்கண்டு சிரிக்கவில்லை. நோட்டைப் பிடுங்கிப் பையில் வைத்தாள். "உனக்கு வேற எதுவும் கிடைக்கலையாடி?"

தோற்றுவிட்டாள். அதான் கோபம்.

நவம்பர் 17

வரவில்லை.

நவம்பர் 18

வரவில்லை. இவ்வளவு ரோஷமா?

நவம்பர் 20

அவள் அப்பா கடைக்குப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து பேக்கரி அக்கா, "உனக்குத் தெரியாதா? அவரை ஆஸ்பத்திரியில சேர்த்து ஒரு மாசமாச்சே" என்றார்.

ஒரு மாசம். என்கிட்ட 'அப்பா வெளியூர் போயிருக்கார்'னு சொன்னா. அதுக்கும் நான் ஒரு ஜோக் அடிச்சேன். என்ன ஜோக்? ஞாபகம் இல்ல.

இருக்கு. எழுத மாட்டேன்.

நவம்பர் 21

பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு. வார்டு வாசலில் அவள் அம்மா. திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"நீதான் வாலா? வெள்ளிக்கிழமைன்னா உங்க கதைதாம்மா அவருக்கு. ஊசி போட வந்த நர்ஸ்கிட்ட, 'இரும்மா, முதலை வாயில இருக்கேன்'னாரு. நேத்துதான் வாசிக்கல. நீ இன்னும் எழுதித் தரலையாமே? 'சோம்பேறிக் கழுதை'ன்னு உன்னைத்தான் திட்டிக்கிட்டிருக்கார்."

உள்ளேயிருந்து நூல்கண்டு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு.

"23ஐக் கிழிச்சுடலாம்டி. நான் வேற எழுதித் தரேன்."

"கிழிக்கக் கூடாது. விதி." அப்புறம், "போயிடு."

நவம்பர் 24

கேட்காமல் புது 23 எழுதிப் பார்த்தேன். ஒன்பது தடவை. மாமா பிழைக்கிறார், கதை பிழைக்கவில்லை. அவள் அப்பா எதற்குச் சிரிப்பார்? தெரியவில்லை. ஒரு வருடமாக அவரை எழுதுகிறேன். அவர் கடைக்குள் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

நவம்பர் 26

காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு நிமிடம் மௌனம். நூல்கண்டின் அப்பாவுக்கு.

நவம்பர் 30

கட்டுரை கொடுக்கவில்லை. மிஸ் திட்டாமல், "என்னம்மா?" என்றார். அந்த 'அம்மா'தான் தாங்க முடியல. "படிச்சதை எழுதிடலாம் மிஸ். எழுதினதைத்தான்..." என்று நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 9

வந்தாள். முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். இடைவேளையில் என் மேஜையில் நீல நோட்டை வைத்தாள்.

24. அவள் கையெழுத்து. மேலே: 'அப்பா சொல்லச் சொல்ல.'

"நீ வந்துட்டுப் போனதை அம்மா சொல்லிட்டாங்க. 'அப்போ கதையும் வந்திருக்குமே'ன்னு அப்பா விடல. வாசிச்சேன்."

"என்ன... சொன்னார்?"

"சிரிச்சார். 'என்னை நல்லா மாட்டிவிட்டுட்டா'ன்னார். எழுதிக்கோன்னார்."

படித்தேன்:

'டாக்டர் கையெழுத்துப் போட்டதும் மாமாவுக்கு ஒரே எரிச்சல். டாக்டரின் வெள்ளைக் கோட்டில் இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருந்தது. எவன் தைத்தான் இதை? இதைச் சரிசெய்யாமல் எப்படிப் போவது? மாமா மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார். "டாக்டர், கொஞ்சம் நேரா நில்லுங்க" என்று சொல்லி, தலையணைக்கு அடியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து'

அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை.

"மீதி?"

"தூங்கிட்டார்."

"நான் வேணா முடிக்க—"

"24 உன்னோடது இல்ல."

முன் பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 18

கட்டுரை கொடுத்துவிட்டேன். படித்தது: பதினான்கு புத்தகம். எழுதியது: இருபத்துமூன்று அத்தியாயம், இரண்டு பேர். மிஸ், "மீதியை எப்போ எழுதப் போறீங்க?" என்றார். என் முறை இல்லை மிஸ் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஏதோ ஜோக் அடித்தேனாம்.

நூல்கண்டு இன்று புது யூனிஃபார்ம். கடையில் வாங்கிய ரெடிமேட். கடைசி மணி வரைக்கும் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கிறது.