நரித்தனத்துக்கு நான் சொன்ன எடுத்துக்காட்டு

என் அன்பு மாப்ள செல்வம்,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வகுப்பில் என் மானம் போனது. அமெரிக்காவில் இந்தக் கேட்டி ஊரில் நீ ஆரம்பித்த தமிழ்ப் பள்ளியில், உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது நான்தான் வாத்தியார். பாலிடெக்னிக்கைத் தட்டுத்தடுமாறி முடித்தவன் தமிழ் நடத்தும் லட்சணம் உனக்குத் தெரியாதா?

நரிக் கதை. ஒரு வாண்டு எழுந்து, "அங்கிள், நரித்தனம்னா வாட்?" என்றது. "நம்ம முரளி அங்கிள் பண்ணாரே, அது" என்றேன். முதல் வரிசையில் முரளியின் மகள். அந்த முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவசரமாக உன் நோட்டைப் புரட்டினேன். நீ எழுதி வைத்திருந்தாய்: 'புத்திசாலித்தனம் தன் கையால் காரியம் செய்யும். நரித்தனம் அடுத்தவன் கையால் செய்யும்.' நோட்டை மூடிவிட்டு, பாடத்தை அத்தோடு முடித்தேன்.

வகுப்பு முடிந்ததும் பார்க்கிங்கில், பெற்றோர் எல்லார் முன்னாலும் முரளி பிடித்துக்கொண்டான். "குழந்தைகிட்ட இப்படியாண்ணா பேசுறது?"

"குழந்தைகிட்ட சொன்னது தப்புதான் முரளி. உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும்."

போனை எடுத்து, நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெற்றோர் குரூப்பில் அவன் போட்ட மெசேஜைச் சத்தமாகப் படித்தேன். நீயே விருப்பப்பட்டு விலகி, முதல்வர் பொறுப்பை அவனிடம் கொடுத்ததாக இருந்ததே, அதுதான். "செல்வம் எப்ப சொன்னான்? எந்த நாள்?" என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை மட்டும் பார்த்தான்.

அவன் காது சிவந்ததைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? அந்த மெசேஜ் வந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரிப் படுக்கையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "நானாடா விலகினேன், மச்சான்?" என்று நீ கேட்டாயே. மூன்று வாரத்தில் போய்விட்டாய். அதை நான் எப்படி மறப்பேன்?

விட மாட்டேன் மாப்ள. ஆண்டு விழா மேடையில் அவன் வாயாலேயே உண்மையைச் சொல்ல வைப்பேன். அவன் முடித்ததும் அதே மைக்கை நான் வாங்குவேன். பார்க்கிங்கில் சொல்லாமல் விழுங்கியது ஒன்று பாக்கி இருக்கிறது.

முரளிக்குத் தமிழில் டைப் பண்ண வராது. "செல்வம் அண்ணா சொல்லிட்டார், நீங்க அழகா எழுதிக் கொடுங்க" என்றான். நீ தூங்கிக்கொண்டிருப்பாய் என்று உன்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அந்த மெசேஜை அடித்துக் கொடுத்தவன் நான்தான்.

உன் மச்சான்,
சேகர்