வியாழக்கிழமைப் படம்

நெய்யூர்,
16.11.2024, சனி

அன்புள்ள அத்தான்,

ஸ்தோத்திரம். இந்நேரத்துக்கு எழுதுறதுக்கு மன்னிச்சிடுங்க, ராத்திரி மணி பதினொன்றரை. ஜெனிலா இப்பத்தான் உறங்கினாள். போன்ல கேட்டால் சிரிச்சே மழுப்பிடுவீங்க, அதான் மெயில்.

குவைத்துல வியாழக்கிழமையே படம் வந்துடும். நீங்க பார்த்துட்டு, பிள்ளையோட போகலாமா என்று எழுதுவீங்க. நாங்க சனிக்கிழமை போவோம். ரெண்டு வருஷமா இப்படித்தானே? இந்தத் தடவையும், 'தைரியமா போ, யானை வரும்போது மட்டும் பிள்ளை கண்ணைப் பொத்திக்கோ' என்று எழுதியிருந்தீங்க. யானை வந்து போச்சு. அதுக்கப்புறம் ஒரு படுக்கையறை வந்தது பாருங்க! உங்க அம்மா தியேட்டர் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏட்டி, பிள்ளைக்க கண்ணப் பொத்து!" என்று சத்தம் போட்டாங்க. ஜெனிலா என் விரலிடுக்கு வழியா, "அம்மா, அந்த மாமா எதுக்குச் சட்டையக் கழத்துதாங்க, வேர்க்குதா?" என்கிறாள்.

பின்வரிசையில் நம்ம சபை பேபி அக்கா குடும்பத்தோட. நான் சொல்லித்தான் வந்தாங்க. வெளியே வந்ததும், "ஒனக்க மாப்பிள்ள படத்தப் பாத்தாரா, போஸ்டரப் பாத்தாரா?" என்றாங்க.

நானும் அதைத்தான் கேட்கிறேன். அன்றைக்கு நிஜமா தியேட்டருக்குத்தான் போனீங்களா?

ஜெஸ்பின்

குவைத்,
18.11.2024

எனக்க ஜெஸ்பிக்கு,

ஏட்டி, போலீஸ் ஆயிட்டியா? இங்க அந்த மாதிரி சீனை எல்லாம் வெட்டிட்டுத்தான் போடுவாங்க. கதவைச் சாத்தினாங்க, மறு நிமிஷம் ரெண்டு பேரும் காப்பி குடிக்காங்க. நான் பார்த்தது அவ்வளவுதான். அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு.

பிள்ளைக்கு ஒத்துக்குமான்னு நான் சும்மாவா எழுதுறேன்? யானை வந்ததும் பக்கத்துல இருந்த சின்னது பயந்துபோய் எனக்க மடியில ஏறிட்டு. இடைவேளை வரைக்கும் இறங்கல. அதை வச்சுத்தானே ஒனக்கு எழுதினேன்! இனியாவது நம்புவியா?

முத்தங்களுடன்,
ஜாஸ்பர்

நெய்யூர்,
20.11.2024

அத்தான்,

வெட்டினது உண்மைதான். குவைத்தில் இருந்து லீவுக்கு வந்திருக்கிற யேசுதாசன் அண்ணனிடம் விசாரிச்சேன். அதை நம்புறேன்.

தெரியாத ஆள் மடியில் எந்தப் பிள்ளையும் இடைவேளை வரை இருக்காது. போன தடவை நீங்க வந்தப்போ, சொந்தப் பிள்ளை ஜெனிலாவே மூணு நாள் உங்க பக்கத்துல வரல.

உங்க பழைய மெயில் எல்லாம் எடுத்துப் படிச்சேன். 'நாலு வயசுப் பிள்ளைக்குத் தாங்கும்', 'நாலு வயசுக்குப் பாட்டு பிடிக்கும்'. ஜெனிலாவுக்கு எட்டு நடக்குது. வயசு மறந்துட்டீங்க, வேலை மும்முரம் என்று நினைச்சு நானே சிரிச்சிருக்கேன். மாமியிடமும் வாசிச்சுக் காட்டியிருக்கேன்.

மாமியிடம் இன்னும் ஒன்றும் சொல்லல. அந்தப் பிள்ளை யாருடையது? அதோட அம்மா அந்தப் பக்கத்து சீட்டில் இருந்தாளா?

போன் பண்ண வேண்டாம். சீக்கிரம் பதில் எழுதுங்க.

ஜெஸ்பின்