வால்வில் துணி கட்டிய குற்றம்

அனுப்புநர்
அ. ஸ்ரீமதி,
க/பெ. அருண்குமார்,
தையற்கடை, பள்ளிக்கூடத் தெரு,
கீழப்பனந்தோப்பு கிராமம்,
சிதம்பரம் வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: குடிநீர்க் குழாய் உடைந்ததாகத் தகவல் சொன்ன பெண் மீதே, குழாயைச் சேதப்படுத்தியதாக வழக்குப் போட்டிருப்பது – வழக்கைத் திரும்பப் பெறவும், அவருடைய சத்துணவு வேலையைக் காப்பாற்றவும், மறுபடியும் ஒழுகும் அதே வால்வை உடனே சரிசெய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். மனு எழுதிப் பழக்கமில்லை. ஜாக்கெட் தைப்பதுதான் என் தொழில். எழுதிக் கொடுப்பவரிடம் போகலாம் என்றார்கள். அவர் எழுதினால் மரியாதையாக இருக்கும், ஆனால் நடந்தது இருக்காது என்பதால் நானே எழுதுகிறேன். கோபத்தில் எழுதியது போலத் தங்களுக்குத் தோன்றினால் அது உண்மைதான். பொறுத்தருள வேண்டும்.

1. எங்கள் தெரு ஜெயராணி, ஊர்த் தொடக்கப் பள்ளியில் சத்துணவுச் சமையல் உதவியாளர். கணவர் இல்லை. மகள் மேரி ஷாலினி சிதம்பரத்தில் நர்சிங் படிக்கிறாள். இந்த ஜெயராணி மீதுதான் பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாகவும் தண்ணீர் திருடியதாகவும் வழக்குப் பதிவாகியுள்ளது. வழக்கைக் காரணம் காட்டி, சமையலறைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வழக்கு இல்லை என்று காட்டாவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். எனவேதான் இந்த அவசரம்.

2. எங்கள் ஊர் நிலத்தடி நீர் உப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வீட்டுக்கு வீடு நீலக் குழாய் வைத்துப் போட்டோவும் எடுத்தார்கள். திறந்தால் காற்று மட்டும் நன்றாக வருகிறது. கொள்ளிடத்திலிருந்து பெரிய ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய் எங்கள் சாலை ஓரமாகவே போகிறது. எங்களுக்கு அதில் இணைப்புக் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே அந்தக் குழாய்க்கு ஒரு காற்று வால்வு இருக்கிறது. குழாய் போட்ட நாளிலிருந்தே அது ஒழுகுகிறது. ஒழுகி வாய்க்காலில் போகும் தண்ணீரைத்தான் நாங்கள் பிடிக்கிறோம். இதை மறைக்கவில்லை, மறைக்கத் தேவையும் இல்லை.

3. பிடிப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. வால்வின் கழுத்தில் பழைய பருத்தித் துணியைத் தளர்வாகக் கட்டிவிடுவோம். சுற்றிலும் தெறிக்கிற தண்ணீர் துணி வழியாக இறங்கிக் குடத்தில் விழும். அவ்வளவுதான். திருகுவதோ, தட்டுவதோ, கம்பி விடுவதோ எங்கள் தெருவில் யாரும் செய்ததில்லை. தொட்டால் உள்ளதும் போய்விடும் என்ற பயம் எங்களுக்குத்தான் ஜாஸ்தி. துணியைத் துவைத்துக் கட்டுவது வாரத்துக்கு ஒரு வீட்டின் முறை. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும் பள்ளிக்கூடச் சமையலுக்கும்தான் முதல் குடங்கள். முறைக்காரர் வெறுமனே துணி கட்டிவிட்டுப் போக முடியாது. வால்வு மேடையைக் கூட்ட வேண்டும், மாடு மிதிக்காமல் பார்க்க வேண்டும், ஒழுக்கு அதிகமானால், பக்கத்துத் தூணில் குழாய்ப் பராமரிப்பு அலுவலகத்தார் எழுதியிருக்கிற எண்ணுக்குப் போன் போட வேண்டும். அந்தப் பக்கம் காவலாளி யாரும் கிடையாது. ஊர் ஊராகப் போகிற தண்ணீருக்கு இத்தனை வருஷமாகக் காவல் இருப்பது எங்கள் தெருப் பெண்கள்தான். இதற்கு யாரும் எங்களுக்கு நன்றி சொன்னதில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை. திருடி என்று பெயர் வரும் என்றும் எதிர்பார்க்கவில்லை.

4. இந்த ஆடிப்பெருக்குக்கும் வழக்கம்போல வால்வு மேடையைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, மஞ்சள் நூல் சுற்றிக் கும்பிட்டோம். ஆற்றுக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு ஆறு வந்து நிற்கிற இடம் அதுதான். ஜெயராணி, மாதா கோயில் மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி வைத்தார். இதைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் பராமரிப்பு அலுவலகத்தார் கொடுத்த புகாரில், "திருடும் இடத்தைச் சிவப்பு, மஞ்சள் நிறத்தில் அடையாளமிட்டு வைத்திருந்தனர்" என்று எழுதப்பட்டுள்ளது. எங்கள் குங்குமத்துக்கு இப்படி ஒரு அர்த்தம் இருப்பது எங்களுக்கே தெரியாது.

5. ஆடிப்பெருக்கு முடிந்த அதே வாரம், காலையில் வால்வின் போல்ட் ஒன்று முறிந்து தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீறிட்டது. அந்த வாரம் ஜெயராணியின் முறை. அவர் தூணில் உள்ள எண்ணுக்குப் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தார். அதற்குள் சாலை ஓரம் அரித்துப் பள்ளமாகிவிட்டது. பால் கேனுடன் வந்த கலியமூர்த்தி மாமா வண்டியோடு அதில் இறங்கப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பொண்ணு கைய நீட்டி மறிக்கலன்னா நான் பள்ளத்துலதான் கெடந்திருப்பேன். எங்க வேணா வந்து சொல்றேன்." ஜெயராணி வேலமுள்ளை வெட்டி வந்து பள்ளத்தைச் சுற்றிப் போட்டார். என் கடைக்கு ஓடிவந்து, "ஸ்ரீமதி, செவப்புத் துணி எதுனா குடு, வேன் வர்ற நேரம்" என்றார். கல்யாண ஜாக்கெட்டுக்கு வெட்டி வைத்திருந்த துணியைக் கொடுத்தேன். அதைக் கொடியாகக் கட்டி நின்று, பள்ளி வேனைச் சுற்றுவழியில் அனுப்பியவரும் அவர்தான். உடம்பெல்லாம் நனைந்தபடி நின்றார். கடைசியில் ஒருவர் போனை எடுத்து, "வர்றோம், அங்கயே நில்லு" என்றார். அதனால் நின்றார்.

6. நண்பகலுக்கு மேல் ஜீப் வந்தது. அன்று நகரத்தில் தண்ணீர் நின்றுபோய் மேலிடத்திலிருந்து கேள்விக்கு மேல் கேள்வி வந்திருக்கிறது என்பது அவர்கள் போனில் பேசியதிலிருந்தே தெரிந்தது. வந்த பொறியாளர் உடைந்த வால்வைப் பார்ப்பதற்கு முன்பே துணியைப் பார்த்தார். யார் கட்டினது என்று கேட்டார். ஜெயராணி, "நாங்கதான் சார் கட்டுவோம். இந்த வாரம் என் மொறை" என்றார். எங்கள் தெருவில் முறைக்காரர் என்றால் பொறுப்பானவர். அவர் அந்தப் பொருளில்தான், கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். பொறியாளர் உடனே, "ஒத்துக்கிட்டா பாருங்க, பேரு எழுதிக்கங்க" என்றார். முள்ளைப் போட்டது ஆய்வுக்கு இடையூறு செய்யவாம். துணி கட்டி இழுத்ததால்தான் போல்ட் முறிந்ததாம். கிழிந்த வேட்டித் துணி இரும்பு போல்ட்டை முறிக்கும் என்றால், ஐயா, அந்தத் துணியை அல்லவா நான் விற்க வேண்டும்.

7. முறிந்த போல்ட்டை அவர்கள் எடுத்துப் போகவில்லை. வாய்க்காலில் எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். கலியமூர்த்தி மாமா அதைத் தேடி எடுத்து வைத்திருந்தார். லைனிங் துணியில் சுற்றி இத்துடன் ஒப்படைக்கிறேன். முறிந்த வாயைத் தாங்களே பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் துரு. அது அன்று காலையில் பிடித்த துரு அல்ல. ஜெயராணியின் செல்போனில் அன்று அவர் அலுவலகத்துக்கு அடித்த அழைப்புகள் இருக்கின்றன. குழாயை உடைத்தவள் உடைத்த இடத்திலேயே நின்று, வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிடுவாளா என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை.

8. பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே இருக்கிற போர் தண்ணீரும் உப்புதான். பிள்ளைகள் சாப்பிடுகிற சோறும் சாம்பாரும் இந்த வால்வுத் தண்ணீரில் ஜெயராணி சுமந்து வந்து ஆக்கியவை. பார்வையிட வந்த அதிகாரிகளும் அதைச் சாப்பிட்டு, ருசியாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். சாப்பிடும்போது இனித்த தண்ணீர் வழக்கு என்றதும் திருட்டுத் தண்ணீர் ஆகிவிட்டது. இப்போது உப்புத் தண்ணீரில் சமைக்கிறார்கள். பிள்ளைகள் பாதிச் சோற்றைக் கொட்டுகிறார்கள். ஜெயராணி வாசலில் உட்கார்ந்து பள்ளி மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முந்தாநாள் நான் போனபோது, "மேரி படிப்ப மட்டும் நிறுத்தாம இருந்தா போதும்டி" என்றார். அதனால்தான் தங்களிடம் வந்திருக்கிறேன்.

9. இனிமேல்தான் முக்கியமானது. போன வெள்ளிக்கிழமையிலிருந்து, புதிய போல்ட் போட்ட அதே வால்வு மறுபடியும் ஒழுகுகிறது. ஒழுக்கு ஒவ்வொரு நாளும் கூடுகிறது. பள்ளிக்கூட வாசலுக்கு நேராகச் சாலை ஓரம் மறுபடி அரிக்கிறது. மேலே தார் அப்படியே இருக்கிறது, கீழே மண் இல்லை. பார்க்கிறவர்களுக்குச் சாலை போலத்தான் தெரியும். தெருவே பார்க்கிறது, ஆனால் ஒருவரும் போன் செய்யவில்லை. போன் செய்தவளுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். "நமக்கு எதுக்கு வம்பு, கிட்டயே போவாதீங்க" என்று வீட்டு ஆண்கள் சொல்லிவிட்டார்கள். முள் போடவும் ஆள் இல்லை. காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போகிறார்கள், வேனும் அதில்தான் வருகிறது. ஒரு பொய் வழக்கு ஒரு தெருவையே ஊமையாக்கிவிட்டது. நான் பயப்படுவது வழக்குக்கு அல்ல, அந்தத் தாருக்கு.

10. எனவே, ஜெயராணி மீதுள்ள வழக்கை விசாரித்துத் திரும்பப் பெறவும், வெள்ளிக்கிழமைக்கு முன் அவர் சமையலறைக்குத் திரும்பவும் ஆணையிட வேண்டுகிறேன். அந்தக் காற்றுவரும் நீலக் குழாய்களில் தண்ணீர் வரச் செய்தால் நாங்கள் வால்வுப் பக்கமே போக மாட்டோம். துணி கட்டியது குற்றம்தான் என்று தாங்களும் முடிவு செய்தால், அது ஒருத்தி செய்த குற்றம் அல்ல. முறை வைத்துச் செய்தது. இதன் கீழே கையெழுத்தும் கைநாட்டும் வைத்துள்ள பெண்கள் அனைவரையும் வழக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்களில் சின்னம்மாள் தன் பெயரை முதலில் போடச் சொன்னார். அதில் எங்களுக்குள் சின்ன சண்டையே வந்தது.

இந்த மனுவையே வால்வு ஒழுகுவதற்கான தகவலாக ஏற்றுக்கொண்டு, இன்றே ஆள் அனுப்ப வேண்டும். நான் கடலூரிலிருந்து பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்ந்ததும் முள் வெட்டிப் போட்டு, சிவப்புத் துணி கட்டி, அரிக்கிற அந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். வருகிறவர்கள் என் பெயரை எழுதிக்கொள்ளட்டும், அல்லது வால்வைச் சரிசெய்யட்டும். இரண்டுக்கும் நான் அங்கேயே இருப்பேன். இந்த வாரம் என் முறை.

தங்கள் நடவடிக்கையை நம்பியுள்ள,
அ. ஸ்ரீமதி
(மற்றும் பள்ளிக்கூடத் தெருப் பெண்கள்)

இடம்: கடலூர்
நாள்: 25.08.2025

இணைப்பு: துருப்பிடித்து முறிந்த போல்ட் ஒன்று.