ஸ்டவ் வெடிக்கவில்லை

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நாற்பது வருடமாக உங்கள் உறவினர்கள் சொல்லிவருவதுபோல, நான் பம்ப் ஸ்டவ்வைக் கவனிக்காமல் விட்டதால் உங்கள் வலது கை வேகவில்லை. அன்று நம் வீட்டில் ஸ்டவ் பற்றவைக்கவே இல்லை. இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்; நீங்கள் போன பிறகு எனக்கு மட்டும்.

இன்று காலை துவைக்க எடுத்த ரமேஷின் சட்டையில் கந்தக வாடை அடித்தது. தீபாவளிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கைப்பட்டியில் கரிய தூள்.

"என்னடா இது?"

"மாரியம்மன் திருவிழாக்கும்மா. இந்த வருஷம் முதல் வேட்டு நம்ம வீட்டுதுன்னு கமிட்டில சொல்லிட்டேன். மாடி ரூம்லதான் பண்றேன்."

"கடைல வாங்கிப் போட்டா அம்மன் கோவிச்சுக்குவாளா?"

"தாத்தா கையால பண்ணாரு, அப்பா பண்ணாரு, ஒண்ணும் ஆகலியே? யூட்யூப்ல எல்லாம் இருக்கு. சும்மா டென்ஷன் ஆகாதேம்மா."

உங்கள் மகனுக்கு ஐம்பது வயது. அறையைப் பூட்டி, சாவியோடு ஆபீஸ் போய்விட்டான்.

ஸ்ரீராம்புரத்தில் தேர் நகரும் முன் போடும் முதல் வேட்டு உங்கள் குடும்பத்து உரிமை. இரும்புக் குழாயில் அடைக்கும் வெடிமருந்து வீட்டு மனிதர் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். நீங்களோ சரித்திர வாத்தியார். கருமருந்தின் கதையை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! "சாகாம இருக்க வழி தேடின சீனாக்காரங்கதான்டா இதைக் கண்டுபிடிச்சாங்க" என்று ஆரம்பிப்பீர்கள். மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகளைக் கண்டு வெள்ளைக்காரன் மிரண்டது, பிறகு அவற்றை ஊருக்கு எடுத்துப்போய்ப் பார்த்துச் செய்தது, எல்லாம் வரும். வெடிமருந்து ஆலைகளில் கொட்டகைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டினார்கள், ஒன்று போனாலும் மற்றது மிஞ்சட்டும் என்று. செருப்பில் ஓர் இரும்பு ஆணிகூட இருக்கக் கூடாது. இத்தனையும் தெரிந்த நீங்கள் அதைச் செய்தது நம் சமையலறைக்கு அடுத்த அறையில்.

திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு. பத்து வயது ரமேஷ் வெளியே விளையாடப் போயிருந்தான். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் இல்லை. யாரோ கனமான போர்வையை ஒரே உதறாக உதறியது போல. உள்ளே ஓடினால் வெள்ளைப் புகை. அதன் நடுவில் கையை நீட்டியபடி நின்றீர்கள், அது வேறு யாருடைய கையோ என்பது போல. தீப்பெட்டி இல்லை, பீடி இல்லை. பொறி எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை நமக்குத் தெரியவில்லை. இன்றும் என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

ஆட்டோவில் சொன்னீர்கள்: "ஸ்டவ்னு சொல்லிடு. வாத்தியாரே இப்படியான்னு பசங்க சிரிப்பாங்க."

சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் தங்கை கேட்டாள்: "கான்வென்ட்ல இங்கிலீஷ் கத்துக் குடுத்தாங்க, ஸ்டவ் அடைப்பை ஊசியால குத்தி எடுக்கக் கத்துக் குடுக்கலியா அண்ணி?" கல்யாணப் பத்திரிகையில் ஓர் எழுத்துப்பிழை இருந்தால்கூடப் பொறுக்காத நான், அதைப் பொறுத்துக்கொண்டேன். நீங்கள் இடது கையால் கரும்பலகையில் எழுதப் பழகினீர்கள். அடுத்த வருடம் வேட்டு உரிமையைப் பக்கத்துத் தெருவுக்கு விட்டுக்கொடுத்தீர்கள். பெருந்தன்மை என்று ஊர் மெச்சியது.

அதனால்தான் உங்கள் மகன் ஒன்றும் ஆகவில்லை என்கிறான். அவனை அந்த அறைக்கு அனுப்பியது யூட்யூப் இல்லை. என் வாய் மூடியிருந்ததுதான்.

அந்த மாடி அறை என் கட்டிலுக்கு நேர் மேலே இருக்கிறது. பூட்டை உடைத்துத் தண்ணீர் ஊற்றலாமா என்று படியேறினேன். கதவுவரை போய்த் தாழ்ப்பாளைத் தொடக்கூடப் பயந்து இறங்கிவிட்டேன். மேலே பூனை நடந்தாலும் பேனா நின்றுவிடுகிறது.

அந்த ஸ்டவ் இன்னும் பரணில் இருக்கிறது. பித்தளை மங்காமல், ஒரு நசுங்கல்கூட இல்லாமல். பரிதாபத்துக்குரிய அதையும் என்னையும் நாற்பது வருடம் குற்றவாளிகளாக வைத்திருந்தீர்கள். இன்று அதை இறக்கித் துடைத்து, சாப்பாட்டு மேசைமேல் வைக்கிறேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன், மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. இந்தக் கடிதம் அதன் அடியில் இருக்கும்.

ரமேஷ், அப்பாவுக்கு எழுதியதைப் படித்துவிட்டாய். மாடிக்குப் போகாதே. சாவியை என்னிடம் கொடு. தீயணைப்பு நிலையத்துக்கு நானே போன் செய்கிறேன். இனிமேல் செய்யமாட்டேன் என்று ஒரு வரி எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டுத் தா. வாட்ஸப்பில் வேண்டாம். காகிதத்தில், உன் வலது கையால்.