ராசிபலன் பக்கம்

றக்வான பஸார்,
வியாழக்கிழமை காலை.

அன்பு மகள் விஜயகலாவுக்கு,

அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நான் சுகம். நீயும் கொழும்பில் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உன் கையில் தருகிறவள் உன் அண்ணி மனோரஞ்சனி. முதலில் அவளுக்கும் பிள்ளைக்கும் சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடு. பிறகு படி.

மக்கீன் நானாவின் புடவைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளும் பேனாவும் அவர் சம்சாரம் ஸபியா தந்தது. போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். என் போனுக்கு ரீலோட் போடுவது உன் அண்ணன். யாரோடு பேசினேன் என்று எடுத்துப் பார்ப்பதும் அவன்தான்.

தோட்டத்தில் இரண்டு வாரமாக மழை விடவில்லை. நம் லயத்து வீடுகளுக்குத் தருவதாகச் சொன்ன கூரைத் தகரம் இன்னும் வரவில்லை. அண்ணன் தேயிலைக் கொழுந்து லொறியில்தான் ஓடுகிறான். வேலையில் அவனை யாரும் குறை சொல்வதில்லை. வீட்டுக்குள் வந்தால்தான் வேறு ஆள். அது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும், தெரிந்தும் சும்மா இருந்தேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு வந்தபோது நீ செய்த வெப்சைட்டைக் காட்டினாயே, புருஷனிடம் அடி வாங்குகிற பெண்கள் உதவி கேட்பதற்கு. பார்க்கும்போது யாராவது வந்துவிட்டால் மூலையில் இருக்கிற சிவப்புப் பட்டனை அழுத்தினால் போதும், ராசிபலன் பக்கம் வந்துவிடும் என்றாய். ரஞ்சனி அப்போது அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் காது முழுக்க நம் பக்கம் இருந்தது இப்போதுதான் புரிகிறது.

நீ போன பிறகு ஒருநாள் சாப்பிடும்போது அண்ணன் உன்னைக் கேலி பண்ணினான். "கம்ப்யூட்டரத் தட்டிக்கிட்டு சும்மா சம்பளம் வாங்குறா" என்றான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் மகள் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா என்று ஆரம்பித்து, சிவப்புப் பட்டன், ராசிபலன் என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதும் நாலு பேரிடம் பீற்றிக்கொண்டேன். யாரிடம் எதைச் சொல்கிறோம் என்ற புத்தி இல்லாமல் போய்விட்டது, மகளே.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் நேரத்தோடு வந்துவிட்டான். ரஞ்சனி உன் வெப்சைட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே பட்டனை அழுத்திவிட்டாள். அவன் போனைப் பிடுங்கிப் பார்த்தான். ராசிபலன் இருந்தது. சிரித்தான். "இது தங்கச்சி செஞ்ச பட்டன்தானே, அம்மா அன்னைக்கே சொன்னாங்க" என்றான். பின்னால் போகிற அம்புக்குறியைத் தட்டினான், அவள் பார்த்த பக்கம் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் மணிக்கட்டைப் பார்த்துத் தெரிந்துகொள். மருந்து கட்டப் போன இடத்தில், சாக்கடைக் கானில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னது நான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உன் அப்பா அடித்த காலத்தில் என் மாமியார் எனக்காகச் சொன்ன பொய்யும் இதேதான். நீ ஏன் இந்த வேலையைத் தேடிப் போனாய் என்று நான் உன்னைக் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும்.

நேற்று ரஞ்சனியிடம், புறப்படம்மா, நான் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றேன். பார்த்தால் அவள் எனக்கு முன்னாலேயே தயார். மாற்றுத் துணி, அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புப் பத்திரம் எல்லாம் ஒரு மாதமாக ஸபியாவிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். எதை எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று உன் வெப்சைட்டில் படித்தாளாம். போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததும் அதில் சொன்னபடிதான். பிள்ளைக்கு ஊசி போடப் போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தோம். அதனால் உன் உழைப்பு வீண் என்று நினைக்காதே.

உன் வேலைக்கு உதவும் என்று ரஞ்சனி சில விஷயம் சொன்னாள். பட்டனுக்குச் சிவப்பு வேண்டாமாம். நம் லயத்து அறையில் வாசலில் நிற்கிறவனுக்கே பளிச்சென்று தெரிகிறது. அம்புக்குறியைத் தட்டினால் பழைய பக்கம் வரவே கூடாது. எல்லோருக்கும் ஒரே ராசிபலனும் வேண்டாம். அவள் எப்போதும் பார்ப்பது ரவிக்கை வெட்டுகிற வீடியோ. ஒவ்வொருத்தியும் தான் வழக்கமாகப் பார்ப்பதையே வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்.

அவளை உன் அறையில் தங்க வைக்காதே. அவன் முதலில் அங்கேதான் வருவான். உங்கள் ஆபீசில் பாதுகாப்பான இடம் இருக்கிறது என்றாயே, அங்கே அனுப்பு. போய்ச் சேர்ந்ததும் மக்கீன் நானாவின் கடைக்கு போன் எடுத்து, புடவை வந்து சேர்ந்தது என்று மட்டும் சொல். அவர் எனக்குச் சொல்லிவிடுவார்.

இரத்தினபுரி பஸ் வந்துவிட்டது, ஹோர்ன் அடிக்கிறான். அங்கே இறங்கி கொழும்பு பஸ் ஏறுவாள். சிங்களம் நன்றாகப் பேசுவாள், பயமில்லை.

சாயந்தரம் அவன் என்னைத்தான் கேட்பான். கத்தினால் தாங்கிக்கொள்வேன். ஆனால் அவன் என் மடியில் தலையை வைத்து அழுவான். பெற்ற மனசு, இளகிவிடும். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். ரஞ்சனி எங்கே இருக்கிறாள் என்று எனக்குச் சொல்லாதே. அந்தப் பட்டனை அழுத்தினால் இனி என்ன பக்கம் வரும் என்றும் சொல்லாதே. நானே போன் எடுத்து அழுது கேட்டாலும் சொல்லாதே, மகளே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற,
அழகம்மா.