என் பெயரில் எழுதிய உன் வேலை

லேபர் கேம்ப், மாட்டுங்கா,
மும்பை.
14.3.2025

அன்புள்ள தங்கச்சி சுஜாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நாகர்கோவிலில் நீயும் பிள்ளையும் அம்மாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே இப்போதே வெயில் தாங்கவில்லை. வாஷி ஆபீசில் உன் மேஜை அப்படியே இருக்கிறது.

போன் போட்டால் நீ 'அண்ணாச்சி' என்பாய். நான் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுவேன். இரண்டு தடவை அப்படித்தான் ஆயிற்று. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு விசா கிடைக்கவில்லை. அந்த அமெரிக்கக் கிளை வேலை உனக்கு வரவேண்டியது.

நவம்பரில் எச்.ஆர். சஃப்ரீன் முதலில் சொன்னது உன் பெயரைத்தான். குளிர் கன்டெய்னர்களின் வெப்பநிலையைக் கவனிக்கும் புரோகிராமை எழுதியவள் நீதானே. விசா கிடைக்க, போகிறவர் கடைசி மூன்று வருடத்தில் ஒரு வருடமாவது நம் கம்பெனியில் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்றாள். சுஜா பிரசவ லீவில் இருக்கிறாளே, தொடர்ச்சி விட்டுப்போகாதா என்று கிளப்பிவிட்டது நான். உன் மேலதிகாரி நானே சொன்னதால் அவள் நம்பினாள். உனக்கும் போன் செய்து, லீவில் இருப்பவர்களுக்கு விசா கிடையாதாம் என்றேன். மறுவாரமே கம்பெனியின் விசா வக்கீல் என்னிடம் தெளிவாகச் சொன்னார், லீவுக்கு முன் நீ இரண்டு வருடம் விடாமல் செய்த வேலையே போதும் என்று. அதை அப்படியே விழுங்கிவிட்டேன். நாற்பத்தாறு வயதில் எனக்கு இன்னொரு வாய்ப்பு எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன்.

நீ செய்ததையெல்லாம் நான் செய்ததாக விசாவுக்குக் கம்பெனிக் கடிதம் தயாரானது. நீயோ, "ஆரு போனா என்ன அண்ணாச்சி, நம்ம டீம்தானே" என்று சொல்லி, இண்டர்வியூவுக்காக இரண்டு சாயங்காலம் போனில் எனக்குப் பாடம் நடத்தினாய். பின்னால் பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. போய்ப் பிள்ளையைப் பார் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தூதரகத்தில் இண்டர்வியூ எடுத்த அதிகாரிப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். ஒரு சென்சார் தப்பான அளவு காட்டினால் உங்கள் புரோகிராம் அதை எப்படிக் கண்டுபிடிக்கும் என்று கேட்டாள். நீ சொல்லித் தந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. டீமில் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்றேன். யார் என்றாள். உன் பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான், பாஸ்போர்ட்டோடு விசா மறுப்புத் தாளையும் வைத்துத் திருப்பித் தந்துவிட்டாள்.

மறுநாள் சஃப்ரீனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கிளையில் அந்த இடம் இன்னும் காலிதான். உன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம், கணவரையும் பிள்ளையையும் கூட்டிப்போக வழி இருக்கிறது என்கிறாள். இருபத்திரண்டாம் தேதி உனக்குப் போன் செய்வாள்.

நம் சபையில் என் பயணத்துக்காக ஜெபம் பண்ணி வழியனுப்பியே விட்டார்கள். ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியாமல் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். அந்த அதிகாரிதான் அநியாயம் செய்துவிட்டாள் என்று என் வீட்டுக்காரி சேசம்மாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று காலை இந்தக் கடிதத்தை இதுவரைக்கும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பிள்ளைக்கி என்ன பேரு வச்சிருக்காவ?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை, சுஜா. இத்தனை தடவை பேசியும் நான் கேட்கவே இல்லை.

பெயர் தெரியாத அந்தக் குழந்தையைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். சஃப்ரீன் கூப்பிட்டால் மட்டும் போனை எடு, தாயே.

இப்படிக்கு,
ஞானசீலன்